அதிவேகப் பைக்கும் அசையா நிலையும்: சயான் சிக்னலை முன்வைத்து ஓர் ஆய்வு

2021ஆம் ஆண்டு மூன்றாம் தலைமுறை சுசுகி ஹயபுசா இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை ரூ. 16.40 லட்சம். இப்பெருந்தொகை தகுமா, தகாதா என்ற வினாவை மும்பைத் தமிழுலகம் மூன்று இடங்களில் விவாதித்து வருகிறது: தாராவி 90 அடி ரோட்டு டீக்கடை, மாதுங்காவில் கபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் கூட்டம், செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் செருப்பு விடும் இடம். இவை முறையே தாராவிப் பள்ளி, மாதுங்காப் பள்ளி, செம்பூர்ப் பள்ளி எனப்படும். எவரால் எனப்படும் என்று கேட்கலாகாது. ‘என்ப’ என்றோ ‘என்மனார்’ என்றோ முடித்துவிட்டால் தமிழில் மேற்கோள் கடமை தீர்ந்தது. தொல்காப்பியர் கொடுத்த இந்தச் சலுகை இன்றைய முனைவர் பட்ட ஆய்வேடு வரை செல்லுபடியாகிறது.

ஆய்வு எல்லை: ஆயிரம் சிசியும் அதற்கு மேலும். ஆய்வு முறை: பார்த்தல், கேட்டல், ஒதுங்கி நிற்றல். ஆய்வாளர் இவ்வகை வண்டியை ஓட்டியதில்லை. அது தகுதிக் குறைவன்று; கடலைக் கண்ணால் காணாமலே நெய்தல் திணையில் பட்டம் வாங்கியோர் உண்டு.

இனிப் பயன்கள். அவை ஐந்து. அழகு: உண்டு. ஓசை: உண்டு, மூன்றாம் மாடி வரை. மைலேஜ்: லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவில். மும்பையில் பெட்ரோல் 2021 மே மாதமே நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால், இவ்வதிகாரம் வாங்கியவரின் மனநலம் கருதி இங்கே நிறுத்தப்படுகிறது. சாமான் வைக்க இடம்: மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு வாங்குபவர் அதைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரைக் கூட்டிவர வேண்டும். ஐந்தாவது, வேகம். ஆய்வின் உயிர்நிலை இதுவே.

ஹயபுசாவின் எஞ்சின் 1340 சிசி. திறன் 190 குதிரைகள். ஆக்டிவா எட்டுக் குதிரையைக்கூடத் தொடாது. 1999இல் வந்த முதல் ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியதும், ஐரோப்பாவில் தடை வந்துவிடுமோ என்று அஞ்சிய தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 299இல் கடிவாளம் போட்டார்கள். அந்த 299க்கும் நமக்கும் என்ன உறவு? மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி மோட்டார்சைக்கிளுக்கு விரைவுச்சாலையிலேயே 80தான் உச்சம். ஹயபுசாவோ முதல் கியரிலேயே நூறைத் தாண்டும். ஆகவே சட்டத்தை மதிப்பவருக்கு ஆறு கியரில் ஒன்று போதும். விலையில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது ரூ. 13.67 லட்சம், நேர்த்திக்கடன். இக்கணக்கு பிழை என்பது செம்பூர்ப் பள்ளி. ஆனால் கணக்கோடு அட்டவணையும் வரைபடமும் இணைக்கப்பட்டிருப்பதால் அக்கூற்று தள்ளப்படும்.

அடுத்தது விலக்கியல்.

மும்பையில் வேகமாகப் போகத் தக்க சாலைகளை வரிசையாக எடுத்துக்கொண்டால் ஒரு விந்தை புலப்படும். 2009இல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடற்பாலம், 5.6 கி.மீ.: பைக்குக்கு அனுமதி இல்லை. ஜே.ஜே. மேம்பாலம்: 2010 முதல் இல்லை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே: இல்லை. 2024இல் வந்த கடலோரச் சாலை: இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் திறந்த அடல் சேது, 21.8 கி.மீ., காருக்கு நூறு கிலோமீட்டர் வேகம்: அங்கும் இல்லை. பாதுகாப்புக் கருதிய விலக்கு; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடல் சேதுவின் விலக்குப் பட்டியல் தனியாக உரை எழுதத் தக்க இலக்கியம். மோட்டார்சைக்கிள், மொபெட், ஆட்டோ, டிராக்டர், விலங்குகள் இழுக்கும் வண்டி, மெதுவாகச் செல்லும் வாகனங்கள். ஹயபுசாவும் மாட்டுவண்டியும் ஒரே பந்தி. புகை கக்கும் கிழட்டு மாருதி டோல் கட்டிவிட்டு ராஜநடையாகப் போகும்.

இங்கே உரையாசிரியர்கள் மோதுகிறார்கள். ‘மோட்டார்சைக்கிள்’ என்ற சொல்லாலேயே ஹயபுசா விலக்கப்பட்டது என்பது தாராவி உரை. சயான் சிக்னலைக் கடக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நோக்க, ‘மெதுவாகச் செல்லும் வாகனங்கள்’ என்ற பிரிவில் அடக்குவதே முறை என்பது செம்பூர் உரை (காண்க: ‘பின்சீட்டார் புலம்பல்’, மழைக்காலப் படலம், பாடியவர் நனைந்தமையால் மூன்றாம் அடி முதல் சிதைவு). இரண்டும் பொருந்தும் என்பது மாதுங்கா உரை (‘மெக்கானிக் மாலை’, கிரீஸ் படிந்த பிரதி, ‘கிளட்ச்’ என்பதற்கு ‘பிரேக்’ என்றும் பாடம் உண்டு, அப்படிப் பாடம் கொண்டவர் இப்போது மாவுக்கட்டில் இருக்கிறார்). மூலவிதி ‘பைக்கியம்’ என்னும் பெருநூலில் இருந்ததென்றும், பழஞ்சங்க நூல்களைப் போல அதையும் கடல் கொண்டதென்றும், கொண்ட இடம் கடற்பாலத்தின் நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே என்றும், போய்ப் பார்க்கலாமென்றால் பைக்கை உள்ளே விடவில்லை என்றும் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு கூறும். கிடைக்காத நூலை ஆதாரம் காட்டுவதில் ஒரு சௌகரியம், எவரும் சரிபார்க்க முடியாது. துறைத்தலைவர் ஆனவர்களுக்கு இது புதிதன்று.

வரலாற்றுச் சான்று ஒன்றும் உண்டு. 2004இல் வெளியான ‘தூம்’ படத்தில் கொள்ளையர் சூப்பர் பைக்கில் மும்பைப் போலீசுக்குத் தண்ணி காட்டினார்கள். ஹயபுசா இந்தியர் வாய்க்குள் நுழைந்தது அப்போதுதான். கடற்பாலம் ஐந்து வருடம் முன்பே திறந்திருந்தால், அங்கே தப்ப நினைத்த மாத்திரத்தில் டோல் வாசலிலேயே மாட்டியிருப்பார்கள். படம் இடைவேளைக்கு முன் முடிந்திருக்கும்.

மாதுங்காப் பள்ளியின் எதிர்வாதத்தையும் பதிய வேண்டும். பணம் போவதற்காகக் கொடுத்ததன்று, நிற்பதற்காகக் கொடுத்தது என்கிறது அது. கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விழுகிறது, ஹயபுசா நிற்கிறது, கேள்விகள் வருகின்றன. “டாப் ஸ்பீட் எவ்ளோண்ணா?” “எவ்ளோ ஆச்சு?” கடைசியில் டாக்ஸிக்காரரின் “கித்னா தேதா ஹை?” ஆக்டிவாக்காரரிடம் இருபது வருடத்தில் எவரும் எதையும் கேட்டதில்லை. இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. கேட்கிறவர் போனபின் எஞ்சின் சூட்டில் தொடை வேகும் என்பது மட்டும் மறுப்பு. அந்நேரம் தாராவியிலிருந்து விடியுமுன் கிளம்பிய இட்லிக்காரர், பாத்திரமும் சட்னித் தூக்குமாகச் சைக்கிளில் பக்கவாட்டில் புகுந்து முன்னே போய்விடுவார். அந்தச் சந்தில் 266 கிலோ நுழையாது.

வரியியல் சுருக்கம்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம்; கோலா பானமும் அதே படியில்.

முழு வேகமும் காண வேண்டுமானால் பந்தயத் தடம் வேண்டும். தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று, 3.7 கி.மீ.; கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. செம்பூரிலிருந்து முன்னது ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தூரம். ஊருக்குப் போகும் சாக்கில் போய்வரலாம்.

முடிவு: வேகத்துக்காக வாங்குபவருக்கு மும்பையில் இந்த வண்டி தகாது, பிறர் பார்ப்பதற்காக வாங்குபவருக்குத் தகும். யார் சொன்னாலும் வாங்கியே தீருவேன் என்பவருக்கு ஒரு நற்செய்தி, டோல் செலவே கிடையாது. தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சுங்கம் இல்லை. சுங்கம் வாங்கும் கடற்பாலத்திலும் அடல் சேதுவிலும் வண்டியையே விடுவதில்லை.