லாக் யார் கையில்?

கே: 'இந்த கிளாஸ் த்ரெட்-சேஃப்' என்று டாக்குமென்டேஷனில் ஒரு வரி போட்டால் போதாதா?

ப: போதாது. எதுவரை சேஃப் என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும். ஜாவாவில் 'கலெக்‌ஷன்ஸ்.சின்க்ரனைஸ்டுலிஸ்ட்' தரும் லிஸ்டில் ஒன்றைச் சேர்ப்பதும் எடுப்பதும் தனித்தனியே பத்திரம். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை சுற்றி வரும்போது லாக்கை நாமேதான் பிடிக்க வேண்டும். ஜாவா டாக் இதைக் கட்டாயம் என்றே சொல்லி, கோடும் எழுதிக் காட்டுகிறது. எதன்மீது லாக் என்பதும் அதில் தெளிவு: கைக்கு வந்த புது லிஸ்ட்மீது. உள்ளே கொடுத்த பழைய லிஸ்ட்மீது போட்டால், போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று.

கே: உங்களுக்குப் பிடித்த டாக்குமென்டேஷன் வரி?

ப: பைத்தான் கியூவில் 'கியூசைஸ்' பற்றி எழுதியிருப்பது. அது தரும் எண்ணிக்கை தோராயம்தான். பூஜ்யத்துக்கு மேல் வந்தாலும் அடுத்த 'கெட்' காத்திருக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை என்கிறது. பஸ்ஸில் காலி சீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஏறுவதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருப்பார் இல்லையா? ஜன்னல் வழியே துண்டு போட்டவருக்குத்தான் சீட். பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைச் சொல்லாத டாக்குமென்டேஷனை நம்பி எழுதிய கோடு, டெஸ்ட்டில் ஓடிவிடும். கூட்டம் சேர்ந்த நாளில்தான் விழும்.

கே: 'லாக் பிடிக்கப்பட வேண்டும்' என்ற வாக்கியத்தில் என்ன தப்பு?

ப: பிடிப்பது யார்? லைப்ரரியா, கூப்பிடுகிறவரா? இருவரும் மற்றவர் பிடிப்பார் என்று விட்டால் டேட்டா கெடும். இருவருமே பிடித்தால், ஒரே த்ரெட் மறுபடி பிடிக்க இடம்தராத லாக்காக இருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். 'இதைக் கூப்பிடுகிறவர் இன்ன லாக்கை முன்பே பிடித்திருக்க வேண்டும்' என்று ஆளையும் லாக்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். லினக்ஸ் கர்னலில் இன்னும் ஒரு படி மேலே போய் 'லாக்டெப்_அசர்ட்_ஹெல்ட்' என்று கோடிலேயே எழுதுகிறார்கள். லாக்டெப் வசதியோடு பில்ட் செய்த கர்னலில், லாக் இல்லாமல் வந்தால் எச்சரிக்கை வரும். கமென்ட் பழசாகிப் பொய் சொல்லும், இது சொல்லாது.

கே: ஜாவாவின் 'வெயிட்'டை 'இஃப்'புக்குள் வைத்தால்?

ப: வேண்டாம், 'வைல்' போடுங்கள். யாரும் எழுப்பாமலே த்ரெட் எழலாம்.

கே: எழுதுகிறவர்கள் அதிகம் விட்டுவிடுவது எது?

ப: இரண்டு. லாக்கைப் பிடித்துக்கொண்டே நம்முடைய கால்பேக்கைக் கூப்பிடுகிறார்களா என்பது ஒன்று. அந்தக் கால்பேக் இன்னொரு லாக்குக்குக் கை நீட்டினால் டெட்லாக் வாசலில் நிற்கிறது. இன்னொன்று, லாக்குகளின் வரிசை. லினக்ஸில் 'ஃபைல்மேப்.சி' ஃபைலைத் திறந்து பாருங்கள்: எந்த லாக்குக்குள் எந்த லாக் என்று ஆரம்பத்திலேயே படிப்படியாக உள்தள்ளி எழுதியிருக்கும். அதை அப்படியே பின்பற்றலாம்.