அமெரிக்கப் பட இலக்கணம்: ஸ்டோர் உரையுடன்

படங்களை வசூலால் வகுத்தார் சிலர். நட்சத்திரக் குறி போட்டு வகுத்தார் வேறு சிலர். இரண்டும் சமவெளிக்காரர் முறை. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து லயமொன்றில், கூரைமேல் நின்ற டிஷ்ஷின் புண்ணியத்தால் தமிழ் பேசும் அமெரிக்கரைக் கண்டு வளர்ந்த இந்நூலாசிரியருக்குச் சல்லடையினும் நேர்மையான விமர்சகர் இன்றுவரை வாய்க்கவில்லை. ஆகவே தோட்டத்துத் தேயிலை ஆலையாகிய ஸ்டோரில் தேயிலையைத் தரம் பிரிக்கும் முறையே இங்கும் கொள்ளப்பட்டது.

சல்லடை மேலே நின்றது இலையே;
எல்லாம் கடந்து வீழ்ந்தது டஸ்டே;
இடைப்பட் டனவே ஏனைய என்ப.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், இக்கால அமெரிக்கப் படங்களின் தரம் உணர்த்துதல் நுதலிற்று. கடைத்தரத்தை உரையில் முதலில் வைத்தது என்னையோ எனின், நமக்கு முதலில் வந்து சேர்வது அதுவே ஆகலான்.

டஸ்ட் என்பது சுடுநீர் பட்டதும் சாயம் இறங்குவது. அதில் மணம் தேடுவோர் ஏமாறுவர். மார்வெல் படங்கள் இவ்வகை. 2008இல் 'அயன் மேன்' தொடங்கி 2019இல் 'எண்ட்கேம்' வரை 22 படங்கள் வந்தன. 'இன்ஃபினிட்டி வார்' முடிவில் தானோஸ் ஒரு சொடக்குப் போட, உயிர்களில் பாதி தூளாகிப் பறக்கின்றன. தம் படம் எந்தத் தரம் என்பதை நாயகர்களே உதிர்ந்து காட்டும் இந்த அடக்கத்தை வேறெந்தக் கலையிலும் நான் கண்டதில்லை. 'எண்ட்கேம்' தமிழில் அயன் மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. பலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ சாயத்தில் இஞ்சி தட்டிப் போட்டதுபோல் இருந்தது. டஸ்டைப் பழிக்கவும் மனம் வரவில்லை. காலை ஆள்கணக்குப் பிரட்டுக்குப் போகுமுன் எங்கள் அடுப்பில் கொதிப்பது அதுதானே.

பி.ஓ.பி. உடைத்த இலை. சாயமும் உண்டு, மணமும் உண்டு. கிறிஸ்டோபர் நோலன் இதில் வல்லவர்: நேராகச் சொன்னால் நமக்கு விளங்கிவிடும் கதையை உருளையில் கொடுத்து உடைத்து, பின்பாதியை முன்னே கொட்டுவார். 'ஒப்பன்ஹைமர்' (2023) இம்முறையில் 7 ஆஸ்கார் வாங்கியது, தகும். ஆனால் 'டெனெட்' (2020)? வசனம் காதில் விழவில்லை என்று ஆங்கிலம் அறிந்தவரே முறையிட்டனர். தமிழில் பார்த்த எமக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது, ஒன்றும் விளங்கவில்லை.

'கான்ஜூரிங்', 'அனபெல்' முதலிய பேய்ப் படங்கள் ஃபேனிங்ஸ். பொழுதெல்லாம் மூடுபனியில் நடமாடுகிறவர்களைப் பனியைக் காட்டிப் பயமுறுத்துவது வீண் செலவு. இவ்வளவு போதும்.

கழிவுத் தேயிலைக்குச் சாயமேற்றி விற்போர் லொறியோடு பிடிபடும் செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும். 1994இன் 'லயன் கிங்'கை 2019இல் கம்ப்யூட்டரில் மறுபடி காய்ச்சியவர்களை மட்டும் எவரும் பிடிக்கவில்லை. சிங்கங்களுக்கு உரோமம் உண்டு, முகத்தில் உணர்ச்சி இல்லை. தமிழில் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் பும்பாவுக்கு ரோபோ சங்கரும் இல்லையெனில் அதுவும் தேறியிராது.

இனி ஓ.பி., முழு இலை. இதற்கு இலக்கணம் கூறுவதைவிட ஒரு படம் கூறல் எளிது: குளோயி ஜாவோ எடுத்த 'நோமட்லேண்ட்' (2020). நெவாடாவில் எம்பயர் என்றொரு கம்பெனி ஊர். 88 ஆண்டு ஓடிய ஜிப்சம் ஆலை 2011 ஜனவரியில் மூடப்படுகிறது. வீடுகளும் கம்பெனியுடையவை ஆதலால் ஊர் காலியாகிறது. ஜூலைக்குள் அஞ்சல் குறியீட்டெண்ணும் ரத்தாகிறது. புருஷனையும் இழந்த ஃபெர்ன் ஒரு வேனில் ஏறி, அமேசான் கிடங்கிலும் பீட் கிழங்கு அறுவடையிலும் கைக்காசு வேலை பார்த்தபடி ஊர் ஊராகப் போகிறாள். வெளிநாட்டு விமர்சகர் பலர் இதில் பாலைநிலத்தின் அழகையும் தனிமையின் சுதந்திரத்தையும் கண்டு உருகினர். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், பென்சனோடு முதுகுவலியும் வரும் என்று அறிந்த எம்மவருக்கு அங்கே சுதந்திரம் தென்படாது. ஃபெர்னாக நடித்த பிரான்சஸ் மெக்டோர்மண்ட், எம்பயரில் கைவிட்ட தன் வீட்டுக்குத் திரும்பிப்போய் வெற்று அறைகளைப் பார்க்கும் காட்சியைப் பொகவந்தலாவையில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. சிறந்த படம் உட்பட 3 ஆஸ்கார் பெற்ற இப்படத்தை எம் தோட்டத்தில் பார்த்த இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

புறனடை: இங்கேயே வந்து எடுத்த படங்கள் எத்தரத்திலும் அடங்கா. 'எலிஃபன்ட் வாக்' (1954) தேயிலைத் தோட்டக் கதை. எலிசபெத் டெய்லர் துரைசாணி. யானைகளுக்கு இருக்கும் குணச்சித்திரம்கூட அதில் தொழிலாளிக்கு இல்லை. ஸ்பீல்பெர்க் 1983இல் 'டெம்பிள் ஆஃப் டூம்' எடுக்கக் கண்டிப் பக்கம் வந்தார். கதைப்படி அது இந்தியக் கிராமம். கிராமத்தார் பேசுவது சிங்களம்.

ஆக, முடிபு இது: எம் மலையின் நல்ல இலை கொழும்பு ஏலத்தில் ஏறிக் கடல் கடக்கிறது, அவர்களுடைய நல்ல இலையோ அங்கேயே நின்றுவிட, டஸ்ட் மட்டும் தமிழில் பேசிக்கொண்டு மலையேறுகிறது. திருவிழாவுக்குத் திரை கட்டும் தோட்டத்துக் கமிட்டி அண்ணன்மாரே, இம்முறை சிங்கத்துக்கு ஓய்வு கொடுத்து, வேனில் வாழும் அந்த அம்மாளைப் போடுங்கள். வசனம் குறைவு, டப்பிங் இல்லாமலே விளங்கும்.