கடிகாரம் கழற்றும் அண்ணாச்சி

அண்ணாச்சியின் வலது கை இடது மணிக்கட்டுப் பக்கம் போனால் போதும், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருவருக்கு கேஸ் சிலிண்டர் வருகிற நாள். இன்னொருவருக்குக் கொழுந்தியா ஊரிலிருந்து வருகிறாள். புதிதாகக் குடிவந்தவன் மட்டும் கிளாஸும் கையுமாக மாட்டிக்கொள்வான். கடிகாரம் கழற்றப்பட்டு அவன் முன்னால் வைக்கப்படும்.

“இது தானா வந்துதா?”

“இல்ல.”

“எவனோ ஒருத்தன் செஞ்சிருக்கணும்லா?”

“ஆமா.”

“அப்போ இந்த வானம், பூமி, உன் கண்ணு, இந்த டீத்தூளு, இதெல்லாம் எப்படிடே தானா வரும்?”

டீத்தூளைப் பற்றி எங்களுக்கும் சந்தேகம் உண்டு. மற்றபடி அந்தப் பையன் நாத்திகனே இல்லை. இசக்கியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் அப்படியே இருக்கும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் கணக்கில்லை. எதிரே உட்கார்ந்தவன் நம்பாதவன், அவ்வளவுதான். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டார். தூத்துக்குடி பஸ் மூன்று போயிற்று. கடைசி வரை மணி எத்தனை என்று அண்ணாச்சி சொல்லவும் இல்லை.

இந்தக் கடிகாரம் அவர் சொந்தச் சரக்கு அல்ல. வில்லியம் பேலி என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1802இல் எழுதிய புத்தகத்தில் வருவது. பொட்டல்காட்டில் நடக்கும்போது காலில் கல் இடறினால் யோசிக்க மாட்டோம், கடிகாரம் கிடந்தால் செய்தவன் யாரென்று யோசிப்போம் என்றார் அவர். மாணவனாக இருந்தபோது டார்வினே அதில் மயங்கியிருக்கிறார். அண்ணாச்சிக்கு அது ஒரு கன்வென்ஷன் பந்தலில், கைப்பிரதி வழியாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அது அவருடையது.

ஒரு நாள் கடிகாரம் நின்றுவிட்டது. எங்கள் தெரு வாட்ச் கடையில் பெரியார் படம் மாட்டியிருக்கும். கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். அண்ணாச்சி விடுவாரா? செய்தவன் ஒருவன் இல்லாமல் இது வருமா என்று ஆரம்பித்தார். கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை.

“ஒருத்தனா? மிஷின் ஒருத்தன் செஞ்சது, டயல் இன்னொருத்தன், ஸ்ட்ராப்பு நான் போட்டது. நீங்க சொல்றபடி பாத்தா பத்துப் பதினஞ்சு சாமில்லா வருது அண்ணாச்சி. அதுவும் ரிப்பேருக்கு வந்திருக்கு.”

டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி இறந்து மூன்று வருஷம் கழித்து, 1779இல் வெளிவந்த புத்தகத்தில் ஏறக்குறைய இதுதான் இருக்கிறது. பேலி எழுத உட்காரும் முன்பே பதில் அச்சாகிவிட்டது. கடைக்காரர் ஹியூமைப் படித்ததில்லை. மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

அண்ணாச்சியிடம் வேறு சரக்கும் உண்டு. பாஸ்கலின் பந்தயத்தைச் சீட்டுக் கம்பெனி ஏஜெண்ட் மாதிரி விளக்குவார்: கடவுள் உண்டு என்று போட்டால் லாபம், போடாவிட்டால் நரகம். எதிர்ப்பவர்களுக்கு 1 பேதுரு 3:15. விசாரித்துக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். தமிழ் வேதாகமத்தில் ஆயத்தத்துக்கு முன்னாலேயே சாந்தமும் வணக்கமும் வந்துவிடும். அண்ணாச்சி அந்த ஸ்டாப்பில் நிற்பதில்லை, எக்ஸ்பிரஸ். விசாரித்துக் கேட்டது யார் என்று நாங்களும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஒரே ஒருவர் கேட்டார். 2021இல் மனைவியைக் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன். “உங்க ஆண்டவர் எங்க போனாரு அண்ணாச்சி?” என்றார். அண்ணாச்சியின் கை மணிக்கட்டுக்குப் போயிற்று. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும்கூட ஏழு நாள், ராத்திரி பகலாக, ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து கெடுத்ததெல்லாம் அதற்கப்புறம்தான். இவருக்கு ஏழு நிமிஷம் முடியவில்லை. கையில் கடிகாரம் இருந்தது, பார்த்திருக்கலாம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடிகாரம் போன மாதம் மறுபடி நின்றுவிட்டது. ஸ்பேர் வரவில்லை என்கிறார் கடைக்காரர். அவருக்கு மாதாமாதம் தெருவில் வசூல் பண்ணிக் கொடுத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அண்ணாச்சி காலையும் மாலையும் அங்கேதான் கிடக்கிறார். ஸ்டூல் ஒன்று அவருக்கென்றே போட்டிருக்கிறது, டீயும் இரண்டாக வருகிறது.

நேற்று நான் அந்தப் பக்கம் போனேன். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏ மாப்ள, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டு.”