வேலை கொடுக்காமல் விடமாட்டோம்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் குறைந்தது 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதை நிரப்புவதற்குத்தான் அரசாங்கங்களுக்கு நல்ல நேரம் கூடி வருவதில்லை. நம் சிறுவர் படப்புத்தகக்காரர்கள் அப்படியல்ல, தாராளப் பிரபுக்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்று அவர்கள் புத்தகத்துக்குள் காலெடுத்து வைத்தால் போதும், நூற்றுக்கு நூறு வேலை நிச்சயம். சும்மா இருக்க மட்டும் அனுமதி கிடையாது.

மற்ற பிள்ளைகள் சும்மா இருக்கலாம். மாங்காய் அடிக்கலாம், தம்பியைக் கிள்ளலாம், கண்மாயில் குதித்துவிட்டு வந்து அம்மாவிடம் பொய் சொல்லலாம். காலிப்பர் மாட்டிய பிள்ளை வந்தால் மட்டும் யாருக்காவது புத்தி வந்தே தீர வேண்டும். கேலி செய்தவன் பத்தாம் பக்கத்தில் கண்கலங்குவான். பிள்ளை பதினோராம் பக்கத்தில் மன்னிக்கும். பதினாறாம் பக்கத்தில் மாவட்ட அளவில் முதல் பரிசு. இரண்டாம் பரிசு வாங்குகிற பிள்ளையை இவர்கள் அச்சில் ஏற்றுவதில்லை.

பரிசு வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள்: கடைசியில் குணமாவது. 1880, 81இல் வெளிவந்த 'ஹைடி' கதையில், கிளாரா என்னும் சிறுமியின் சக்கர நாற்காலியை ஒரு பையன் பொறாமையில் மலையிலிருந்து உருட்டி நொறுக்குகிறான். அவள் எழுந்து நடந்துவிடுகிறாள். உடைத்தவனுக்கு என்ன தண்டனை? கிளாராவின் பாட்டி அவனுக்கு வாராவாரம் காசு கொடுக்க ஏற்பாடு செய்கிறாள்! நாற்காலி இல்லாவிட்டால் நடை வந்துவிடும் என்கிற இந்த வைத்தியத்துக்கு நூற்று நாற்பது வருஷமாக மறுபதிப்பு போய்க்கொண்டிருக்கிறது.

நம்மூர்ச் சரக்கும் குறைந்ததல்ல. யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதை இல்லாத தமிழ்ச் சிறுவர் நூல் வரிசை உண்டா? ஒருவர் தூண் என்பார், ஒருவர் முறம் என்பார், ஒருவர் கயிறு என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், செம்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் சித்தையன்கோட்டையில் பார்வையில்லாத சிறுமி ஒருத்திக்கு அவள் அத்தா இந்தக் கதையைப் படித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"ஏன்த்தா, அவங்க யானையைச் சுத்தியே வரலயா?"

"கதைம்மா அது."

"சந்தனக்கூட்டுக்கு வந்த யானையை நான் தும்பிக்கையில இருந்து வால் வரைக்கும் தடவிப் பாத்தேன்ல? பக்கத்துல நிக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்னவாம்?"

அத்தாவிடம் பதில் இல்லை. பதில் கதையின் பழைய வடிவத்தில் இருக்கிறது. பாலி மொழியில் உள்ள 'உதானம்' என்னும் பௌத்த நூலில், சாவத்தி நகரத்து அரசன் ஒருவன் பிறவியிலேயே பார்வையற்றவர்களை எல்லாம் திரட்டி வரச் செய்கிறான். அரசனின் ஆள் சிலருக்குத் தலையை மட்டும் காட்டுகிறான், சிலருக்குக் காதை மட்டும், சிலருக்குத் தந்தத்தை மட்டும். பிறகு அவர்கள் கைகலப்பதைப் பார்த்து அரசன் மகிழ்கிறான். ஆளுக்கு ஒரு துண்டைக் காட்டிவிட்டு வேடிக்கை பார்த்தது கண்ணுள்ள கூட்டம். நம் படப்புத்தகக்காரர்கள் அந்த அரசனைக் கதையிலிருந்து கழற்றிவிட்டார்கள். முட்டாள்தனம் முழுவதையும் பார்வையற்றவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். அரசர்களைக் காப்பாற்றுவதில் நாம் என்றைக்குமே கெட்டிக்காரர்கள்.

இப்போது காலம் மாறிவிட்டதாம். 'எல்லோரையும் உள்ளடக்கிய' அட்டைப்படம் வருகிறது. பத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்க, ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். அதற்குப் பேர் கிடையாது, வசனம் கிடையாது, உள்ளே எந்தப் பக்கத்திலும் ஆளையே காணோம். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஓவியருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த நாற்காலியும் ஆஸ்பத்திரியில் தள்ளுகிற நாற்காலி. சித்தையன்கோட்டைத் தெருவில் நான் பார்ப்பது கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள், அதுவும் இல்லாத வீட்டில் அம்மாவின் இடுப்பு. அம்மாவின் இடுப்பில் பள்ளிக்கூடம் போகும் பத்து வயதுப் பிள்ளையை எந்த ஓவியர் வரைந்திருக்கிறார்?

படத்தில் அந்த நாற்காலி எப்படி வகுப்புக்குள் போனது என்றும் கேட்கக் கூடாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. இரண்டடி உயர வராந்தாவுக்கு இருபத்து நான்கடி. நிஜப் பள்ளிகளில் நாலடியில் முடித்து சறுக்குமரம் கட்டிவைக்கிறார்கள். ஓவியர் அதைக்கூட வரைவதில்லை.

இப்படி ஊட்டி வளர்த்தால் என்ன விளையும்? 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் விளைந்தது. உடற்குறைக்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்று ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தார். எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்டவர் அந்தப் பள்ளியின் பார்வையற்ற ஆசிரியர். பிறகு பேச்சாளர் கைது, வழக்கு, அறிக்கை எல்லாம் முறைப்படி நடந்தன. கூனியின் முதுகில் சூழ்ச்சியையும் சகுனியின் காலில் வஞ்சத்தையும் ஏற்றி, படம் போட்டு, வண்ணம் தீட்டி, ஐந்து வயதிலேயே கையில் கொடுத்தவர்கள் மேல் மட்டும் வழக்கு இல்லை.

நல்ல புத்தகமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கேட்ச் தட் கேட்' கதையில் சக்கர நாற்காலியில் வரும் சிறுமி ஒரு வாலு; பூனையைத் தேடிப் போய் மரமே ஏறுகிறாள். யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அதே பதிப்பகத்தின் 'கண்ணா பண்ணா'வில் குகைக்கோயிலில் விளக்கு அணைந்ததும் பார்வையற்ற பையன்தான் எல்லோரையும் வெளியே கூட்டி வருகிறான். நல்ல கதைதான். ஆனாலும் பாருங்கள், அவனுக்கும் ஒரு வேலை கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

சித்தையன்கோட்டைச் சிறுமியால் இவற்றைத் தானே படிக்க முடியுமா? பார்வையற்றோருக்காக நூல்களைப் பிரெய்ல் முதலான வடிவங்களுக்கு மாற்ற வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014இல். கையெழுத்துப் போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் பந்தல் போடுவார்கள். சாய்தளமில்லாத மேடைக்குப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள், இறக்குவதற்கு முன் போட்டோ எடுப்பார்கள், பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். பார்வையில்லாத பிள்ளைக்கும் அதே அச்சுப் புத்தகம்தான். அநேகமாகத் தன்னம்பிக்கை பற்றியது.