ஆழ்வார்பேட்டை வாடகை வீடுகளும் வெளிச்சுவர் வண்ணமும்: ஒரு பன்முக நோக்கு

ஆய்வின் நோக்கம்

வாடகைக்கு விட்ட வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதா, இந்த வருஷமும் அப்படியே விட்டுவிடுவதா என்னும் சிக்கல் அறிஞர்களின் கவனத்தை இதுகாறும் போதிய அளவு பெறவில்லை. (எந்த ஆய்வேடும் இப்படித்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் புறத்தேர்வாளருக்குக் கையெழுத்துப் போடக் கை வராது.) அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வு எல்லை

எல்டாம்ஸ் சாலை, சி.பி. ராமசாமி சாலை, ஒரு காலத்தில் மௌபரீஸ் ரோடாக இருந்த டி.டி.கே. சாலை ஆகியவற்றின் உட்தெருக்கள். வெயில் ஏறிவிட்டதால் மந்தைவெளி விடுபட்டது.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி வாட்ச்மேன் (வாய்மொழி, கேட் அருகே). ‘அடிச்சா நல்லாத்தான் சார் இருக்கும்’ என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்தோர் எவரும் இதைத் தாண்டவில்லை. ஆனால் இதையே இருநூறு பக்கத்தில் சொல்பவருக்குப் பட்டம் உண்டு.

கோட்பாடுகள்

1. சட்டவாதம்: வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் பாடு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பாடு. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய ஊர் இரண்டு விதிகளையும் ஒரே மரியாதையோடு படித்து வைத்திருக்கிறது.

2. வரிவாதம்: வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் அப்படியே கழித்துக்கொள்ள விடுகிறது, பில் கேட்பதில்லை. அடித்தாலும் முப்பது, அடிக்காவிட்டாலும் முப்பது. இப்பள்ளியைச் சார்ந்தோரின் வீடுகளைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் காணலாம்.

3. வாஸ்துவாதம்: காண்க, சந்தன நிறம்.

4. சந்தன நிறம்: காண்க, வாஸ்துவாதம்.

5. மார்கழி வருகைக் கோட்பாடு: இதுவே இக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு, ஆகவே வாசகர் உட்கார்ந்துகொள்வது நல்லது. இப்பகுதி ஓனர்களில் ஒரு சாரார் கடல் கடந்து வாழ்பவர்கள். அவர்கள் வருவது கச்சேரிக்கு. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இதே டி.டி.கே. சாலையில் இருப்பதால், காலைக் கச்சேரிக்கும் மத்தியானக் கச்சேரிக்கும் நடுவே, கேன்டீன் காபி இறங்கிய கையோடு, தம் சொத்தைப் பார்க்க வருகிறார்கள்.

இங்குதான் இயற்கை குறுக்கிடுகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஆக, ஓனர் வந்து நிற்கும் அன்று சுவர் வருஷத்திலேயே கேவலமான கோலத்தில் இருக்கிறது: சன்ஷேடின் அடியில் கறுப்பு வடிந்த கோடு, பாத்ரூம் குழாய் நெடுகப் பச்சைப் பாசி, ஏசியின் இரும்புத் தாங்கியிலிருந்து இறங்கிய துரு, ஜன்னலுக்குக் கீழே உப்புப் பூத்து உதிரும் பொருக்கு.

ஓனர் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுகிறார். இதை அகழாய்வு எனலாம். மேலடுக்கு எமல்ஷன், அதன் கீழ் ஸ்னோசெம், அதற்கும் கீழ் நீலம் போட்ட சுண்ணாம்பு. நடு அடுக்கின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அது முந்தைய குடித்தனக்காரர் காலத்தது என்பார் இஸ்திரிக்காரர் (வேட்டி நான்காம் மடிப்பில் கூறியது). அன்று, அதற்கும் முந்தையது என்பார் மேல்மாடி மாமி (ஓதம் பற்றிய பேருரை, மூன்று தொகுதிகள், இரண்டாம் தொகுதி தண்ணீர் லாரி வந்ததால் பாதியில் நின்றது). இதற்குக் கீழ்வீட்டு மாமா எழுதிய மறுப்பு (படிக்கட்டுப் பதிப்பு), மறுப்புக்கு மாமியின் மறுப்பு (மொட்டைமாடித் திருத்திய பதிப்பு, வடாம் காயும் வரை), அவ்விரண்டையும் படிக்காமலே இரண்டையும் மேற்கோள் காட்டும் செக்ரட்டரியின் சுற்றறிக்கை (லிஃப்ட் கதவு, இடப்பக்கம், செல்லோடேப் பிய்ந்த நிலையில்) ஆகியவை ஒப்புநோக்கத் தக்கவை. ஒரே சுவரைப் பார்த்த இரண்டு அறிஞர்கள் ஒரே வயதைச் சொன்னால், இருவருக்கும் வழிகாட்டி ஒருவரே என்று கொள்க.

பெயிண்டர் வரவழைக்கப்படுகிறார். அவருக்கு முறையியல் பயிற்சி இல்லாததால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்: ‘உள்ளே எங்கேயோ பைப் கசியுது சார். தண்ணி வெளியே வர்றப்ப உப்பையும் சேர்த்துத்தான் கொண்டாரும். ஈரத்து மேல அடிச்சா கொப்புளம் கட்டும். பைப்பைப் பாத்துட்டு, தை கழியட்டும்.’ பிளம்பிங் வேறு துறை. துறைத்தலைவர் அனுமதியின்றி அதில் நுழைய இயலாது. தை கழிவதற்குள் சீசன் முடிகிறது, ஓனர் விமானம் ஏறுகிறார். மாசியில் சுவர் காய்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ‘பரவாயில்லையே’ என்கிறார்.

குடியிருப்போர் தரப்பு

குடித்தனக்காரர் இந்தச் சுவரைப் பார்ப்பதே இல்லை. அவர் அதன் உட்பக்கத்தில் வசிக்கிறார். வெளிச்சுவர் பேசுவது இனிமேல் குடிவரப் போகிறவரிடம். தெருவில் சாரம் கட்டச் சவுக்குக் கம்புகள் இறங்கினால், உள்ளே இருப்பவர் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வாடகை ஏறப்போகிறது, அல்லது வாடகை கொடுப்பவர் மாறப்போகிறார். பாசியை அவர் ஏன் பரிவோடு நோக்குகிறார் என்பது இதனால் விளங்கும்.

ஆய்வு முடிவுகள்

வண்ணம் பூசலாம்: முதலில் கசிவை அடைத்து, பின் சுவரைக் காயவிட்டு, அடுத்த மழைக்கு முன். அந்த மாதங்களில் முடிவெடுக்க வேண்டியவர் ஊரில் இருப்பதில்லை என்பது மட்டுமே தடை. இவ்வாய்வு, பங்கேற்புக் கட்டணம் கட்டிய அனைவரின் கட்டுரையையும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடும் மதியச் சாப்பாட்டோடும் ஏற்றுக்கொள்ளும் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

நலன்சார் அறிவிப்பு: கட்டுரையாளர் இப்பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவர். எனவே அவரது நடுநிலையான பரிந்துரை: இப்பொருள் குறித்து மேலும் பல ஆண்டுகள் ஆய்வு தேவை.