வாராக் கர்த்தா இலக்கணம்

மேச்சேரி ஆட்டுக்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கம்பளி தராத, கறிக்கும் தோலுக்கும் பேர்போன அந்தச் செம்பழுப்பு ஆட்டின் எடை, ஈற்று, தீனி, நோய் என்று ஒன்று விடாமல் அறிஞர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே மேச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஆகஸ்டு மாதத்துக் காலையொன்றில் தோளில் துணிப்பையுடன் மேட்டூர் பஸ்ஸுக்கு நின்று, பவானி வழியாக ஈரோடு போய், காமிக்ஸ் வாசகர் சந்திப்பில் உட்கார்ந்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் மனிதனைப் பற்றி யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கும் எடை உண்டு. திரும்பும்போது பையின் வழியாகக் கூடுகிறது. அவனுக்கும் தீனி உண்டு, போண்டா, டீ. நோய் என்னவென்பதை அவன் மனைவியைக் கேட்டால் சொல்வார். ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்கும் கிடைக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள் சிறியது. உலகில் காமிக்ஸ் திருவிழா என்றால் கதை எழுதியவரும் படம் வரைந்தவரும் வந்து மேசைக்குப் பின்னால் அமர்வார்கள். வாசகர்கள் வரிசையில் நிற்பார்கள். ஈரோட்டில் வாசகர் உண்டு, வரிசை உண்டு, கையெழுத்தும் உண்டு. கதை செய்த கர்த்தா மட்டும் இல்லை. இல்லாதவர் பெயரால் ஒரு விழா நிறைந்து வழிவது எப்படி? தொல்லாசிரியர் எவரும் இதற்கு விதி செய்யாமையால் நாமே செய்ய வேண்டியதாயிற்று.

வந்தார் வாராதார் எனவிரு திறத்தர்
சித்திரக் கதைசெய் செம்ம லோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், காமிக்ஸ் படைப்பாளிகளின் வகை உணர்த்துதல் நுதலிற்று. வந்தார் என்பார் மேனாட்டு விழாக்களில் நேரில் தோன்றுவோர். இத்தாலியின் லூக்கா நகரில் 1966 முதலும், அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970 முதலும், பிரான்சின் அங்குலேமில் 1974 முதலும் இவ்வகையினர் காணக் கிடைக்கின்றனர். அங்குலேமில் ஓவியர் வெறும் கையெழுத்தோடு விடமாட்டார். புத்தகத்தைத் திறந்து, முன்னால் உள்ள வெற்றுத் தாளில் ஒரு குதிரையையோ குல்லாய்க்காரனையோ வரைந்தே கொடுப்பார். ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம், வரிசையில் எத்தனை பேர் என்று பெருக்கிப் பார்த்தால் மேச்சேரிக்காரனுக்குக் கடைசி பஸ் போய்விடும். தோக்கியோவில் 1975இல் தொடங்கிய காமிக்கெட் இன்னும் ஒரு படி மேல். அங்கே வாசகரே வரைந்து, வாசகரே அச்சிட்டு, வாசகருக்கே விற்கிறார். சென்னைக்கும் காமிக் கான் 2024 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வேடம் கட்டிய இளைஞர் கூட்டம். அதை இன்னொருவர் ஆராயட்டும். நம் பொருள் வாராதார்.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழாவை ஒட்டி, சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிறார்கள். முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு பிறந்தது, லயன் 1984இல் மாடஸ்டி என்ற நாயகியோடு வந்தது. வாசகர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சற்று முன்பின் பிறந்தவர்கள் என்பது தலைமுடியைப் பார்த்தாலே விளங்கும். கூடியதும் நடப்பது இன்னதென்று வரையறுக்கலாம். அடுத்த ஆண்டு அட்டவணை வாசிக்கப்படும். ஒரு சாரார் டெக்ஸ் வில்லர் போதாது என்பார்கள். மறு சாரார் டெக்ஸ் அதிகம், லக்கி லூக்கைப் போடுங்கள் என்பார்கள். பின் வரிசையில் ஒருவர் எழுந்து பழைய ஸ்பைடர் மறுபதிப்பு கேட்பார், கைதட்டல் எழும். உடனே இன்னொருவர் எழுந்து, ஸ்பைடர் எதற்கு என்பார். அதற்கும் கைதட்டல் எழும், சில கைகள் முன்பு தட்டிய அதே கைகள்.

இவ்வளவு பேர் இவ்வளவு காதலோடு பேசும் கதைகளைச் செய்தவர்கள் எங்கே? டெக்ஸை 1948இல் உண்டாக்கிய எழுத்தாளர் போனெல்லி 2001இலும், அவனை முதலில் வரைந்த கல்லெப்பினி 1994இலும் இத்தாலியில் மறைந்தார்கள். லக்கி லூக்கின் மோரிஸ் 2001இல் போனார். அவனுக்கு வாய்ப்பேச்சும் நக்கலும் கொடுத்த கோசினி 1977லேயே போய்விட்டார். மாடஸ்டியை முதலில் வரைந்த ஹோல்டவே 1970இல் மறைந்தபோது லயன் தொடங்கவே இன்னும் பதினான்கு ஆண்டு இருந்தது. அழைப்பிதழ் அச்சடித்தாலும் அனுப்ப முகவரி இல்லை.

இங்கே ஒரு தடை. ‘அவர்கள் உயிரோடிருந்த நாளிலும் நாம் தேடவில்லையே, அது ஏன்?’ எனின், விடை மாயாவியிடம் இருக்கிறது.

அறியாதாருக்குச் சுருக்கம்: விபத்தில் கையிழந்த கிராண்டேல் என்ற ஆய்வகப் பணியாளனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். கை மட்டும் தெரியும். மேட்டூர் அணை மின்சாரம் பக்கத்திலேயே கிடைக்கும் ஊரில், இதைப் படித்துவிட்டு சுவிட்சு போர்டை ஏக்கத்தோடு பார்த்த சிறுவர் எத்தனையோ. அவர்கள் விரலை உள்ளே விடாமல் காத்தது அறிவன்று, அம்மா. பிரிட்டனில் ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் 1962இல் தொடங்கிய இத்தொடரை வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ (1919-1995). அந்த நாளைய பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமில்லை. ஓவியர் மூலையில் பெயரிட்டால் வெள்ளை பூசி அழிப்பதும் உண்டு. லண்டன் சிறுவனுக்கே தெரியாத பெயரை மேச்சேரிச் சிறுவன் எப்படி அறிவான்? ஆகவே மாயாவிக் கதையின் ஆழ்பொருள் இப்போது வெளிப்படுகிறது. ஆள் தெரியமாட்டான், கை மட்டும் தெரியும். தன்னைப் பற்றித்தான் பிளாஸ்கோ அத்தனை ஆண்டு வரைந்துகொண்டிருந்தார். இதை மாயாவிக் கோட்பாடு என்று பெயரிட்டு அறிஞர் அவைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

கோட்பாட்டுக்கு இன்னும் வலுவான சான்று ஸ்பைடர். கூர்மண்டையும் காதும் கொண்டு, முதலில் கொள்ளைக்காரனாக இருந்து பிறகு நல்லவனாகிய அந்த ஆளை 1965இல் தொடங்கியவர் டெட் கோவன். ஆனால் சில மாதங்களிலேயே பேனா இன்னொருவர் கைக்குப் போனது. அவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு தன் பெயரைத் திரும்பப் பெறவே பல்லாண்டு போராடிய அதே சீகல். சூப்பர்மேன் கதைகளில் அவர் பெயர் மறுபடி ஏறியது 1975க்குப் பிறகுதான். ஆக, சேலம் மாவட்டத்துத் திண்ணைகளில் ஸ்பைடரைப் படித்தவர்கள் சூப்பர்மேனின் தகப்பனைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. உலகப் புகழ்பெற்ற ஒருவரை இவ்வளவு விளம்பரமில்லாமல் படித்த வேறு சமூகம் இல்லை என்று துணிந்து கூறலாம்.

வந்திருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது அடுத்த ஐயம். சான்றாக, ழான் ஜிரோவை ஈரோட்டு மேடையில் ஏற்றுவோம், கற்பனையில். 1963இல் சார்லியே எழுத, ஜிரோ வரையத் தொடங்கிய புளூபெரி தமிழில் ‘கேப்டன் டைகர்’ ஆனான். இரண்டாம் வரிசையிலிருந்து நம் மேச்சேரிக்காரர் எழுந்து, ‘ஐயா, டைகருக்கு மூக்கு ஒடஞ்சது எந்தக் கதையிலங்க?’ என்று கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்கிறார். ஜிரோ திகைக்கிறார், புலி எதையும் வரைந்ததாக அவருக்கு நினைவில்லை. புளூபெரிக்கு ‘ஜிர்’ என்றும் மற்றவற்றுக்கு ‘மோபியஸ்’ என்றும் இரண்டு பெயரில் கையெழுத்திட்ட மனிதர், சிவகாசியில் தன் கதாநாயகனுக்கும் இன்னொரு பெயர் உண்டென்று அங்கே அறிகிறார். அதற்குள் மேச்சேரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் அவர் சொன்னது: ‘இவருக்குத் தெரியலைங்ணா. எடிட்டரக் கேட்டுக்கலாம்.’

கர்த்தா வாராக் காலை அவன்கை
பெயர்த்தோன் கையெனப் பேணுநர் உளரே.

இதன் பொருள் வெளிப்படை. வாசகர் கையெழுத்து வாங்குவது எடிட்டர் எஸ். விஜயனிடம். கதைகளைத் தேடி, உரிமை வாங்கி, தமிழாக்கி, அச்சிட்டு, ‘ஹாட்லைன்’ பகுதியில் இதழ்தோறும் பேசியவர் அவரே என்பதால் டெக்ஸுக்கும் டைகருக்கும் உள்ளூர் வாய் அவருடையது. இத்தாலியன் எழுதியதைச் சிவகாசி பேச, அது தன் காதில் விழுந்த விதத்தில்தான் வாசகனுக்குக் கதை. இதைக் குறை என்று சொல்லும் தூய்மைவாதிகள் உண்டு. கம்பனிடம் கையெழுத்துக் கேட்பவனை ‘வால்மீகியிடம் போ’ என்று அனுப்பிவைப்பவர்கள் அவர்கள். நாம் அவர்கள் பக்கமில்லை.

கையெழுத்தாவது இலவசம். பழைய இதழ்களின் விலை வேறு துறை. எண்பதுகளில் பழைய பேப்பர் கடைத் தராசில் கிலோ கணக்கில் போன இதழ்கள் இன்று மண்டபத்து வெளித் திண்ணையில் கைமாறும் முறையை உற்றுநோக்கினால், மேச்சேரி ஆட்டுச் சந்தைதான் நினைவுக்கு வருகிறது. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்போல, இருவர் ஒதுங்கி நிற்பார்கள். பைக்குள் கை போகும். அட்டை பாதி தெரியும். முதுகு கிழிந்திருக்கிறதா என்று விரல் தடவிப் பார்க்கும். தலை ஆடும், அல்லது ஆடாது. என்ன விலை என்பதை இருவரும் மூன்றாவது ஆளிடம் சொல்லமாட்டார்கள், வீட்டில் சொல்லவே மாட்டார்கள்.

வேடம் பற்றி ஒரு சொல். ஈரோட்டில் வேடமணிந்து வரும் வழக்கம் வேர்விடவில்லை. ஆகஸ்டு வெயிலில் வேதாளர் என்ற முகமூடி நாயகரின் இறுக்கமான உடுப்பு உடம்புக்காகாது என்பது ஒரு காரணம். மாயாவி வேடத்தில் பலர் வந்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாமையால் கணக்கில் சேர்க்க இயலவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வரமுடியாதவர் இலக்கணம். வரமுடிந்தவர்கள் சிலரும் இருந்தார்கள் என்பது இவ்வாய்வின் சங்கடமான பின்னிணைப்பு. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு, கையில் வாளுடன் நடக்கும் ‘அம்புலிமாமா’ படத்தை அறியாத தமிழர் குறைவு. அதை வரைந்தவர் பெயரைக் கேட்டால் பலரும் விழிப்பார்கள். சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன், பிறந்தது 1924இல், ஊர் கொங்கு நாட்டுக் காரத்தொழுவு. ஈரோட்டுக்கு அவர் வெளிநாட்டுக்காரரல்லர், பஸ் தூரத்துக்காரர். அரை நூற்றாண்டுக்கும் மேல் அம்புலிமாமாவுக்கு வரைந்து, 2020இல் மறைந்தார். பத்மஸ்ரீ 2021இல், மறைவுக்குப் பின், வந்தது. குழந்தைகளுக்காகச் சித்திரக் கதைகளை எழுதிக் குவித்த வாண்டுமாமா 2014 வரை நம்மோடு இருந்தார். மாயாவிக் கோட்பாடு இவர்கள் விஷயத்தில் செல்லாது. பிளாஸ்கோவின் பெயரை லண்டன் ஆசிரியர் மறைத்தார். இவர்கள் பெயர் அச்சிலேயே இருந்தது, நாம்தான் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

எனவே விழா நடத்துவோருக்கு மேச்சேரித் தரப்பின் விண்ணப்பம்: தமிழில் சித்திரக் கதை வரைந்தவர், எழுதியவர், அட்டைப்படம் தீட்டியவர் யாரேனும் நடமாட்டத்தில் இருந்தால் அடுத்த ஆகஸ்டில் அவருக்கொரு மேசையும் நாற்காலியும் போடுங்கள். வரிசையில் நிற்க எங்கள் பக்கத்திலிருந்து ஆள் வரும். மேட்டூரில் பஸ் மாறி வரவேண்டியிருப்பதால், பதினொன்றுக்கு முன்னால் மட்டும் கையெழுத்துப் போடத் தொடங்கிவிட வேண்டாம்.