மூன்றாவது அடுக்குச் செங்கல்

எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு வானிலை ஆய்வு மையம் உண்டு. கீழ்வீட்டு சார்தான் அது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒரு அடுக்குச் செங்கல் வைத்தார் என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இரண்டாவது அடுக்கு ஏறினால் வங்கக்கடலில் புயல். வாஷிங் மெஷினை மாடிக்குத் தூக்க ஆள் தேடினால் எங்கேயோ ஏரியைத் திறக்கப் போகிறார்கள். வேளச்சேரியில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவருக்குச் செயற்கைக்கோள் படம் எதற்கு? அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு கோடு இருக்கிறது. மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று. மழை ஈரம் பட்டதும் மெல்ல எட்டிப் பார்க்கும்.

வரும் வாரத்துக்கான அறிவிப்பு நேற்று வந்தது. தென்கிழக்கு வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. அது மேற்கு, வடமேற்குத் திசையில் நகரக்கூடும். வலுப்பெறக்கூடும். கடலோர மாவட்டங்களில் அநேக இடங்களிலும், உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களிலும் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும். இந்தக் ‘கூடும்’களைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அரசு அலுவலகம் நமக்கு மிஞ்சியிருப்பது நுங்கம்பாக்கத்து வானிலை மையம் ஒன்றுதான். 2024 நவம்பரில் ஃபெங்கல் அவர்களைப் படுத்திய பாடு நினைவிருக்கிறதா? புயலாகும் என்றார்கள். ஆகாமலே கரையேறும் என்றார்கள். இல்லை, ஆகிவிட்டது என்றார்கள். (அது ஃபெங்கலா ஃபெஞ்சலா என்று டிவிக்காரர்கள் முடிவுசெய்வதற்குள் புதுச்சேரிப் பக்கம் வந்தே விட்டது.) வந்ததும் நகர மறுத்து, நின்ற இடத்திலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கடலின் சூடு, மேலடுக்குக் காற்று, நடுவில் நுழையும் வறண்ட காற்று எல்லாம் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. அதில் தப்பாகக் கணிக்க ஒரு மனிதனுக்கு நியாயம் உண்டு.

மேகத்துக்குக் கீழே நடப்பதைக் கணிக்க அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ராடார் வேண்டாம். எனக்கே வரும்.

திங்கள்கிழமை கோட்டைக்கு மேல் நம்பிக்கை பொதுவாகத் தெளிவாகக் காணப்படும். ‘எதையும் எதிர்கொள்ளத் தயார்’ என்ற அறிக்கைகள் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும். மோட்டார் பம்பு இத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் இத்தனை, படகு இத்தனை என்று எண்ணிக்கை வெளியாகும். தெருவில் விடுவதற்குப் படகு தயார் என்று பெருமையாகச் சொல்கிற மாநகரம் நம்முடையது. தெருவில் படகு ஓடும் என்று ஒப்புக்கொள்கிறோமே என்று அறிக்கை தட்டச்சு செய்தவருக்குக்கூடத் தோன்றுவதில்லை. செவ்வாயன்று ஓரிரு இடங்களில் அமைச்சர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய நிலையில், கேமராவுடன் கூடிய லேசானது முதல் மிதமானது வரையிலான ஆய்வு செய்யக்கூடும். புதன்கிழமை தண்ணீர் வரும். வியாழன் காலை ‘வரலாறு காணாத மழை’ என்ற சொற்றொடர் கரையைக் கடக்கும். அன்று மாலையே எதிரணி, மழைநீர் வடிகாலுக்குக் கொட்டிய நாலாயிரம் கோடி எங்கே என்று கேட்கும். நியாயமான கேள்வி. 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொருள்கள்மேல் முதலமைச்சர் படத்தை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பிய கூட்டத்திடமிருந்து வருவதால் கொஞ்சம் நனைந்திருக்கும், அவ்வளவுதான். எந்த அணி எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வசனம் நாற்காலியோடு ஒட்டியே இருக்கிறது. ஆள் மட்டும் எழுந்து மாறி உட்காருகிறார்.

இந்த ‘வரலாறு காணாத’ விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். 2015, 2021, 2023, 2024. வரலாற்றுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும். எதிரில் வந்து நின்றாலும் தெரியவில்லை. 2015-ஐ மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதி, அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு வருஷக்கணக்காகிறது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். அது 2023-இல் அறிக்கை கொடுத்தது. அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, அறிக்கை எழுதப்பட்ட ஊரையே முக்கிவிட்டுப் போனது. அறிக்கை நனையவில்லை. நம் அரசு அலுவலகங்களில் தண்ணீர் எட்டாத உயரத்தில் பத்திரமாக இருப்பது அறிக்கைகள்தான்.

வரலாறு காணாத மழை பெய்யும் ஊர் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரிக்குள் வள்ளுவர் கோட்டம். 5,000 ஹெக்டேர் இருந்தது என்கிறார்களே, அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பைமேடு, கல்லூரி, கணினிக் கம்பெனி, அடுக்குமாடி, போதாததற்குக் கடலை ஆராய ஒரு மத்திய அரசு நிறுவனம். மிஞ்சிய துண்டுக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு என்ற ராம்சர் அங்கீகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் குடிவந்தபோது வாசலில் ஐந்து படி ஏறி வீட்டுக்குள் போவேன். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச்சாலை போடும் கலையில் நம் ஒப்பந்தக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். இப்போது இரண்டு படி. இன்னும் இரண்டு தேர்தல் நடந்தால் வீட்டுக்குள் இறங்கிப் போகலாம். வடிகால் கட்டினார்கள். அது தெருமுனை வரை வந்து நிற்கிறது. அடுத்த தெரு வடிகாலும் அதே முனை வரை வந்து நிற்கிறது. நடுவில் எட்டடி மண். இரண்டும் வெவ்வேறு டெண்டராம். தண்ணீர் எந்த டெண்டரில் வருகிறது என்று கேட்கப் போன கீழ்வீட்டு சாருக்கு மனு எண் கொடுத்து அனுப்பினார்கள். செல்லில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தபோது அவர் அந்த எட்டடி மண்மேல்தான் நின்றிருந்தார்.

இதெல்லாம் சென்னைக்காரன் புலம்பல் என்று தெற்கே இருப்பவர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். அவர்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் என் ஐந்து படி ஒரு விஷயமே இல்லை.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் மறுநாள் காலைக்குள் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை எது, ஊர் எது என்று பார்க்கவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பயணிகளில் பல நூறு பேர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் ஊரிலும் தண்ணீர் நிற்கும்போது. அந்த வாரத்தில் இரண்டு அரசாங்கங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? தேதி பார்த்துக்கொண்டிருந்தன. வானிலை மையம் சொன்னதைவிடப் பல மடங்கு பெய்துவிட்டது, சரியாகச் சொல்லவில்லை என்றது மாநிலம். சென்னையில் மூன்று டாப்ளர் ராடார் இருக்கிறது, 12-ஆம் தேதியே சொல்லிவிட்டோம் என்றார் மத்திய நிதியமைச்சர். வெள்ளத்தில் செத்த மாட்டைக் கரையேற்ற ஆள் இல்லை. எச்சரிக்கை எத்தனை மணிக்கு எந்த நிறத்தில் வந்தது என்று வாதாட டெல்லியிலும் சென்னையிலும் ஆள் இருந்தது.

நிறத்தின் கதை இது. 24 மணி நேரத்தில் 6.4 செ.மீ. தாண்டினால் கனமழை. 11.5 தாண்டினால் மிக கனமழை. 20.4 தாண்டினால் அதி கனமழை, சிவப்பு. அதற்கு மேல் நிறமே கிடையாது. 21 செ.மீ.க்கும் சிவப்பு, 95 செ.மீ.க்கும் சிவப்பு. எனவே சிவப்பு சொன்னோம் என்கிறவரும் பொய் சொல்லவில்லை, 95 சொல்லவில்லையே என்கிறவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உண்மை பேசி, நடுவில் மக்கள் மூழ்கிய அதிசயம் வேறெங்கும் நடக்காது. முன்னறிவிப்பு எதற்கு? ஜனங்கள் மேடேறுவதற்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அதிகாரிகள் மேடேறுவதற்காம். மறுவருஷம் சாத்தனூர் அணையிலிருந்து விடியுமுன் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கியபோதும் இதே பதில்தான்: ஐந்து முறை எச்சரித்தோம். கடலூர்ப் பக்கம் தூக்கத்தில் பாய் நனைந்து எழுந்தவர்கள் ஐந்தாவது எச்சரிக்கை எது என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எச்சரிக்கையை நம்பியவர்கள் கதை வேறு. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் எங்கள் பகுதி மொத்தமும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியது. அரசை நம்பாதவன் பாலத்தை நம்பினான். அபராதம் என்று செய்தி பரவியது, அபராதமே இல்லை என்று போலீஸ் மறுத்தது. மறுநாள் வெயில். நாடே சிரித்தது. அந்த வரிசையில் நின்ற ஒரு காருக்கு இன்னும் மூன்று வருஷத் தவணை பாக்கி இருந்தது என்பதைச் சிரித்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வேறு யாருடைய காரும் அல்ல, அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்.’ ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் வரும் வரி. வரும் வாரத்துக்கும் வந்திருக்கிறது. அறிவுறுத்துகிறவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. போகாத நாளுக்கு அடுப்பு எப்படி எரியும் என்பதும் இல்லை. ஏற்கெனவே போய்விட்டவன் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆள்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். அங்கே செல்போன் கோபுரம் கிடையாது. 2017 நவம்பர் 30 காலை ஓகியைப் புயல் என்று அறிவித்தபோது அது குமரிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது. அறிவிப்பு கரையில் ஒலித்தது. கேட்க வேண்டிய காதுகள் கடலில் இருந்தன. போனவர்கள் எத்தனை பேர் என்று அரசிடம் கணக்கில்லை. பங்குத்தந்தைகள் வீடுவீடாக எழுதிய பட்டியல்தான் கணக்கு. தேடப் போனவர்களில் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போன அண்ணன் தம்பிகளும் இருந்தார்கள். ஒரு வாரம் காத்துப் பார்த்துவிட்டு, ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் தலைநகரத்துக்குக் காது திறந்தது. இருநூறு பேருக்கு மேல் திரும்பவே இல்லை. அவர்களுக்கும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது என்பது இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதில் மொத்தம் பதினொரு எண்கள். ஒன்று என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று புயலைப் பற்றியதே அல்ல. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. அந்தப் பதினொன்றை மட்டும் கோட்டைக் கொடிமரத்தில் நிரந்தரமாக ஏற்றி வைத்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் ஏற்றி இறக்கும் கூலி மிச்சம்.

சனிக்கிழமை நிவாரணத் தொகை அறிவிக்கப்படக்கூடும். மிக்ஜாமுக்கு 6,000 ரூபாய், ஃபெங்கலுக்கு 2,000 ரூபாய் என்று தொகையும் காற்றழுத்தம் மாதிரி ஏறி இறங்கும். 2018-இல் கஜா புயல் சாய்த்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று விலை போட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பாட்டன் வைத்துப் பேரன் காய் பறித்த மரம். அரசுக் கணக்கில் அது நின்று காய்த்ததற்கும் விழுந்து கிடந்ததற்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடிக்கும். எல்லாரும் மெத்தையை மாடியில் காயப்போடுவோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு சார். தோளில் துண்டு, கையெல்லாம் செம்மண்.

“தம்பி, மாடியில பழைய செங்கல் ஏதாவது கிடக்குதா? ஒரு அடுக்கு குறையுது.”

“போன வருஷம் ரெண்டு அடுக்குதானே சார் வெச்சீங்க?”

“ரோடு போட்டுட்டாங்கல்ல” என்றார்.